பலகையின் விலையும் சுவரின் விலையும்

வெளிச்சுவருக்குப் புது உறை போடுவதற்காக மூன்று ஒப்பந்ததாரர்கள் ஒரே வீட்டைச் சுற்றி வந்து அளக்கிறார்கள். மூவரும் ஒரே பொருளைத்தான் பரிந்துரைக்கிறார்கள், பரப்பளவும் ஏறக்குறைய ஒன்றாகவே வருகிறது. ஆனால் ஒருவர் எழுதிக் கொடுக்கும் தொகை இன்னொருவருடையதைப்போல் ஒன்றரை மடங்கு. கூடுதலாகக் கேட்டவர் கொள்ளையடிக்கப் பார்க்கிறார் என்றுதான் வீட்டுக்காரருக்கு முதலில் தோன்றும். பல நேரம் நடப்பது வேறு. குறைவாகக் கேட்டவர் சில வேலைகளைக் கணக்கில் சேர்க்காமல் விட்டிருப்பார். அவை பலகைக்குப் பின்னால் மறைந்துவிடும் வேலைகள். அவற்றைச் செய்யவில்லை என்பது தெரியவரவே சில மழைக்காலங்கள் கடக்க வேண்டும்.

சைடிங் என்று வழங்கும் புறச்சுவர் உறையைப் பொருள்வாரியாகவும் சதுர அடி விலைவாரியாகவும் ஒப்பிடும் பட்டியல்களுக்குப் பஞ்சமில்லை. வைனில் என்ற பிளாஸ்டிக் மலிவு, சிமென்டில் இழை கலந்த ஃபைபர் சிமென்ட் நடுத்தரம், தேவதாரு மரம் விலை அதிகம், செங்கல்லும் கல்லும் அதைவிட அதிகம் என்ற வரிசை பெரும்பாலும் சரிதான். ஆனால் அந்த வரிசை சொல்வது பலகையின் விலையை. வீட்டுக்காரர் வாங்கப்போவது ஒரு சுவரை.

செங்கல்லை அடுக்கிக் கட்டிய கனமான சுவரில், சுவரே தாங்கும், சுவரே மழையையும் தடுக்கும். வட அமெரிக்காவில் வழக்கமான மரச்சட்ட வீட்டில் இந்த வேலைகளைத் தனித்தனி அடுக்குகள் பிரித்துக்கொள்கின்றன. உள்ளே ஜிப்சம் பலகை. அடுத்து மரக்கால்களும் அவற்றுக்கிடையே வெப்பக்காப்பும். கால்களின் வெளிப்பக்கத்தில் ஒட்டுப்பலகை அல்லது மரச்சீவல்களை அழுத்திச் செய்த பலகை. அதன்மேல் நீரைத் தடுத்து ஈரக்காற்றை வெளியேவிடும் விரிப்பு. எல்லாவற்றுக்கும் வெளியே சைடிங். வீட்டைத் தாங்குவதில் சைடிங்குக்குப் பங்கில்லை. வெயில், காற்று, மழையின் நேரடி அடியை வாங்கிக்கொள்வதும் பார்வைக்கு அழகாக இருப்பதும்தான் அதன் வேலை.

பலரும் தவறாக எண்ணிக்கொண்டிருக்கும் ஒன்று இங்கேதான் இருக்கிறது. சைடிங் நீர்புகாத உறை அல்ல. வைனில் பலகையின் அடிவிளிம்பைப் பார்த்தால் வரிசையாகச் சிறு துளைகள் இருக்கும். உள்ளே போன நீர் வடிந்து வெளியேறுவதற்காகவே அவற்றைப் போட்டிருக்கிறார்கள். அதாவது நீர் உள்ளே போகும் என்பதை ஒப்புக்கொண்டே அந்தப் பலகையை வடிவமைக்கிறார்கள். பலகை தடுத்தது போக மிஞ்சி வரும் நீரை விரிப்பும், சன்னலுக்கு மேலும் கீழும் மடித்து வைக்கும் தகடுகளும் கீழே இறக்கி வெளியே விட வேண்டும். உண்மையான குடை விரிப்புதான். பலகை அந்தக் குடைக்கு மேல் போட்ட சட்டை.

இதை மறந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கனடாவின் வான்கூவர் பெரிய சாட்சி. 1980-களிலும் 90-களிலும் அந்த மழைநகரத்தைச் சுற்றிக் கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்புகள் பலவற்றில் கூரை வெளியே நீளவில்லை, ஸ்டக்கோ என்ற காரைப் பூச்சுக்குப் பின்னால் நீர் வடிய வழியில்லை, சன்னல் ஓரத் தகடுகள் சரியாக இல்லை. வெளிப்பரப்பை முழுக்க அடைத்துவிட்டால் நீர் வராது என்று நம்பினார்கள். நீர் வந்தது, வெளியேற வழி இல்லாமல் உள்ளேயே தங்கிச் சட்டங்களை மக்கச் செய்தது. 1998-இல் முன்னாள் மாகாண முதல்வர் டேவ் பாரெட் தலைமையில் விசாரணை ஆணையம் அமைத்தார்கள். உறைக்கும் விரிப்புக்கும் இடையே காற்றோட்ட இடைவெளி விட வேண்டும் என்ற விதி அந்தக் கடற்கரைப் பகுதியில் பின்னர் வந்தது. அமெரிக்காவின் வட கரோலினாவில் வில்மிங்டன் நகரத்தில் 1990-களின் நடுவில் இதே கதை வேறு பொருளில் நடந்தது. நுரைப்பலகைமேல் மெல்லிய செயற்கைப் பூச்சுப் பூசிய வீடுகளில், சன்னல் ஓரமாக நுழைந்த நீர் வெளியேற முடியாமல் பலகைகளை அழுக வைத்தது. இரண்டு இடத்திலும் வெளியே தெரிந்த பூச்சு பெரும்பாலும் நன்றாகவே இருந்தது.

ஆகவே எந்தப் பொருளைத் தேர்ந்தாலும், மெல்லிய மரப்பட்டிகளை அடித்து அவற்றின்மேல் பலகையைப் பொருத்தி, பின்னால் சுமார் 10 மில்லிமீட்டர் இடைவெளி விடுவது மழை அதிகம் உள்ள இடங்களில் கூடுதல் ஆடம்பரம் அல்ல. அதற்குப் பட்டியும் கூலியும் கூடுதலாக ஆகும். சன்னல் சட்டம் சுவரைவிட உள்வாங்கிவிடும் என்பதால் அதைச் சுற்றி நீட்டிப்பும் தேவைப்படும். முதல் பத்தியில் வந்த மூன்று மதிப்பீடுகளில் இந்த வரி எத்தனையில் இருந்தது என்பதே பாதி விடை.

செலவு எப்படிச் சேர்கிறது என்பதை ஒரு கற்பனை வீட்டை வைத்துப் பார்க்கலாம். 40 அடிக்கு 30 அடி, இரண்டு மாடி, சுவர் உயரம் 18 அடி. சுற்றளவு 140 அடி. 18-ஆல் பெருக்கினால் 2,520 சதுர அடி. கூரைக்குக் கீழே இரு பக்கமும் வரும் முக்கோணச் சுவர்கள் ஒவ்வொன்றும் அடிப்பக்கம் 30 அடி, உயரம் 10 அடி என்றால் இரண்டும் சேர்ந்து 300. மொத்தம் 2,820. மூன்றுக்கு நான்கு அடி அளவில் இருபது சன்னல்களும் இரண்டு கதவுகளும் இருந்தால் சுமார் 280 சதுர அடி கழியும். மீதி 2,540. வெட்டும்போது வீணாவதற்குப் பத்து விழுக்காடு சேர்த்தால் ஏறக்குறைய 2,800. கழித்ததும் கூட்டியதும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடுவதைக் கவனிக்கலாம். அனுபவசாலிகள் பலர் சாதாரண வீட்டில் சன்னலைக் கழிக்காமலே கணக்கிடுவது இதனால்தான். அது ஏமாற்று அல்ல. வட அமெரிக்காவில் நூறு சதுர அடியை ஒரு ‘ஸ்கொயர்’ என்பார்கள். அந்தக் கணக்கில் இந்த வீடு 28 ஸ்கொயர்.

பரப்பளவு சொல்லாத ஒன்றை இப்போது பார்க்க வேண்டும். அந்த இருபது சன்னல்களும் சேர்ந்து 280 அடி ஓரத்தைக் கொண்டுவருகின்றன. ஒவ்வோர் அடிக்கும் பட்டை வைக்க வேண்டும், மேலே தகடு மடிக்க வேண்டும், பக்கங்களில் பலகையை அளந்து வெட்ட வேண்டும். இதே பரப்பளவில் பத்தே சன்னலுடன் பெட்டிபோல் நிற்கும் வீட்டையும், இருபத்தைந்து சன்னல்களும் எட்டு மூலைகளும் பக்கவாட்டில் ஒரு பந்தலும் உள்ள வீட்டையும் ஒரே சதுர அடி விலைக்குச் செய்ய முடியாது. அகன்ற வெற்றுச் சுவரில் வேலை ஓடும், ஓரத்தில் நிற்கும். சரிவான நிலத்தில் சாரம் கட்டுவதும், முக்கோண உச்சியில் சாய்வாக வெட்டுவதும் நேரத்தைத் தின்னும். கூலி என்பது பெரும்பாலும் ஓரங்களின் விலை. சதுர அடிக்கு இவ்வளவு என்று தொலைபேசியிலேயே சொல்பவர் உங்கள் வீட்டின் ஓரங்களை இன்னும் பார்க்கவில்லை.

இதற்கு மேல் பழைய உறையைக் கழற்றுவது, அகற்றிக் கொண்டுபோவது, கழற்றியபின் தெரியவரும் மக்கிய பலகைகளை மாற்றுவது, புது விரிப்பு, தகடுகள், தொடக்கப் பட்டை, மூலைப் பட்டை, வெளி விளக்கு, குழாய், மின்மானி ஆகியவற்றைச் சுற்றி வைக்கும் கட்டைகள், மழைநீர்க் குழாயைக் கழற்றி மாட்டுவது, உரிமக் கட்டணம். மலிவான பொருளில் இவையெல்லாம் சேர்ந்து பலகையின் விலையை எளிதாக மிஞ்சிவிடும். அதனால் இன்னொன்றும் புரியும். பலகை இரண்டு மடங்கு விலை என்றால் மொத்தச் செலவு இரண்டு மடங்காகிவிடாது. சாரம், விரிப்பு, கழற்றும் கூலி எல்லாம் எந்தப் பலகைக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்.

பொருள்களுக்கு வருவோம். வைனில் என்பது பி.வி.சி. 1950-களின் இறுதியில் சந்தைக்கு வந்தது. தொடக்கத்தில் வெடிப்பும் நிறமாற்றமும் அதன் பெயரைக் கெடுத்தன. பின்னர் கலவையைத் திருத்தினார்கள். இன்று அமெரிக்காவில் புதிதாகக் கட்டும் தனிவீடுகளில் மிகுதியாகப் பயன்படும் உறைகளில் இதுவும் ஒன்று. அமெரிக்கத் தர விதிப்படி குறைந்தபட்சத் தடிமன் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 35 பங்கு. பரவலாக விற்பது 40 முதல் 46 வரை. இந்தச் சிறு வேறுபாடு கையில் எடுத்தாலே தெரியும். மெல்லிய பலகை, அடியில் உள்ள சுவரின் மேடு பள்ளங்களை அப்படியே காட்டும். நீண்ட சுவரில் மாலை வெயில் சாய்வாக விழும்போது அலை அலையாகத் தெரியும்.

வைனிலைப் பற்றி அறிய வேண்டிய ஒரே சூட்சுமம், அதை ஆணி அடித்துப் பொருத்துவதில்லை, ஆணியில் தொங்கவிடுகிறார்கள் என்பது. பன்னிரண்டு அடிப் பலகை கடுங்குளிருக்கும் கோடைக்கும் இடையே சுமார் அரை அங்குலம் நீண்டு சுருங்கும். அதற்காகத்தான் ஆணித்துளை வட்டமாக இல்லாமல் நீளமாக இருக்கிறது. ஆணியைத் துளையின் நடுவில், முழுக்க இறுக்காமல் நாணயத்தின் கனமளவு இடைவெளி விட்டு அடிக்க வேண்டும். பலகை முனையில், மூலைப் பட்டைக்குள் கால் அங்குலம் விட வேண்டும். குளிர்நாளில் அடித்தால் இன்னும் சற்று கூடுதலாக. பொருத்தியபின் பலகையைக் கையால் பிடித்து இடவலமாகத் தள்ளினால் நகர வேண்டும். நகராவிட்டால் அடுத்த கோடையில் அது வயிற்றைத் தள்ளிக்கொண்டு நிற்கும். ஆணி இறுக்கமாக இருப்பதே நல்ல வேலை என்று வேறு தொழிலில் பழகியவர்கள் இந்தப் பொருளைக் கெடுப்பது இப்படித்தான். அந்தப் பழியும் பொருளின் தலையில் விழும்.

அதன் உண்மையான பலவீனம் வெப்பம். சுமார் 70 பாகை செல்சியஸ் தாண்டினால் இளகத் தொடங்கும். வீட்டுக்கு வெளியே அடுப்பைச் சுவரோரம் வைத்தவர்களுக்கு இது தெரியும். பலருக்குத் தெரியாதது பக்கத்து வீட்டுச் சன்னல். வெப்பத்தைத் திருப்பி அனுப்பும் பூச்சுக் கொண்ட இரட்டைக் கண்ணாடிகள் சில வேளை நடுவில் லேசாக உள்வாங்கிக் குழியாடியைப்போல் வெயிலைக் குவித்து எதிர்ச் சுவரில் பாய்ச்சும். அங்கே வைனில் உருகிச் சுருங்கிக் கோடு கோடாக நிற்கும். தீயில் அது இளகி விழுந்து பின்னால் உள்ள மரப்பலகையைத் திறந்து காட்டிவிடும், எரியும்போது ஹைட்ரஜன் குளோரைடு வெளிப்படும். நிறமும் வெளுக்கும். பத்து ஆண்டு கழித்து உடைந்த ஒரு பலகைக்கு ஈடாகப் புதியதை வாங்கினால் வண்ணம் ஒட்டாது. மீந்த பலகைகளைக் கொட்டகையில் போட்டு வைப்பதாலும் முழுப் பயனில்லை, சுவரில் இருப்பது வெயிலில் வெளுத்திருக்கும், கொட்டகையில் இருப்பது வெளுத்திருக்காது. கண்ணுக்குத் தெரியாத பின்புறச் சுவரிலிருந்து ஒன்றைக் கழற்றி முன்னால் மாட்டுவது பழைய தந்திரம்.

அலுமினியம் ஒரு காலத்தில் வைனில் இருக்கும் இடத்தில் இருந்தது. துருப்பிடிக்காது, எரியாது. ஆனால் பந்து பட்டால் குழி விழும், மேல்பூச்சு சுண்ணாம்புத் தூள்போல் உதிரும். எஃகு வலுவானது, வெட்டிய விளிம்பில் துரு பிடிக்கும். கல்மழை அதிகம் உள்ள ஊர்களிலும் நவீனத் தோற்றத்தை விரும்புவோரிடமும் எஃகு இப்போது மீண்டும் வருகிறது. இரண்டுக்கும் இங்கே இதற்கு மேல் இடம் தேவையில்லை.

மரம் இவை எல்லாவற்றுக்கும் மூத்தது. மற்றவை அனைத்தும் அதைப்போல் தெரியவே முயல்கின்றன. மேற்குச் சிவப்புத் தேவதாரு என்று விற்பது தாவரவியலில் உண்மையான தேவதாரு இனமே அல்ல, ஆனாலும் அழுகலை எதிர்க்கும் இயற்கைச் சத்துகள் அதன் வைரத்தில், அதாவது தண்டின் உள்நடு மரத்தில், உண்டு. அதே சத்துகள் சாதாரண இரும்பு ஆணியோடு சேர்ந்தால் கறுப்புக் கண்ணீர்போல் வழியும். ஆகவே துருப்பிடிக்காத எஃகு ஆணி அடிப்பதே பாதுகாப்பு. சிக்கனம் என்று சாதாரண ஆணி அடித்த சுவரை இரண்டே ஆண்டில் அடையாளம் கண்டுகொள்ளலாம். பலகையின் முன்பக்கத்துக்கு மட்டும் வண்ணம் அடித்தால் போதாது. பின்பக்கத்துக்கும், வெட்டிய ஒவ்வொரு முனைக்கும் முதற்பூச்சு வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பூசிய பலகை, பின்னாலிருந்து ஈரத்தை உறிஞ்சி வளையும்; முன்பக்க வண்ணம் கொப்புளம் போட்டு உரியும். உரிந்ததும் வண்ணம் தரமில்லை என்பார்கள். மரத்துக்கான மொத்தச் செலவில் பராமரிப்புதான் பெரிய பங்கு. நிறமேற்றும் மெல்லிய பூச்சு என்றால் சில ஆண்டுக்கு ஒருமுறை, நல்ல வண்ணம் என்றால் ஏழு முதல் பத்து ஆண்டுக்கு ஒருமுறை. இதைச் செய்ய மனமில்லாதவர் மரத்தை எடுக்காமல் இருப்பதே மரத்துக்கும் நல்லது.

மரச்சீவலைப் பிசினோடு அழுத்திச் செய்த பலகைகளுக்கு ஒரு பழைய கறை உண்டு. 1980, 90-களில் அமெரிக்காவில் விற்ற இத்தகைய பலகைகள் பல ஈரத்தில் ஊதி, விளிம்பு பிளந்து, சிலவற்றில் காளானே முளைத்தது. கூட்டு வழக்குகளும் பெரிய இழப்பீடுகளும் வந்தன. இன்று வருபவற்றில் பூச்சியையும் பூஞ்சையையும் தடுக்கத் துத்தநாக போரேட்டும், ஈரத்தைத் தள்ள மெழுகும் சேர்க்கிறார்கள். பதினாறு அடி நீளத்தில் கிடைப்பதால் இணைப்புகள் குறையும், மரம் அறுக்கும் கருவிகளே போதும், எடையும் குறைவு. ஆனாலும் தொழிற்சாலைப் பூச்சு முகத்துக்குத்தான். வெட்டிய முனையை அங்கேயே வண்ணம் தொட்டு அடைக்க வேண்டும் என்ற விதி மாறவில்லை. வெட்டுபவர் பக்கத்தில் வண்ண டப்பாவும் தூரிகையும் இல்லையென்றால் அந்த வேலை நடக்கவில்லை என்று பொருள்.

ஃபைபர் சிமென்டின் வரலாறு சற்று இருண்டது. ஆஸ்திரியரான லுட்விக் ஹாட்செக் சிமென்டோடு கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இழையைக் கலந்து, காகிதம் செய்வதுபோல் மெல்லிய அடுக்குகளாகப் படியவைத்து ஓடு செய்யும் முறைக்கு 1901-இல் காப்புரிமை பெற்றார். எரியாத, அழுகாத, மலிவான அந்தப் பொருள் உலகம் முழுக்கப் பரவியது. கல்நாரின் நுண்ணிழை நுரையீரலுக்குச் செய்யும் கேடும் அதோடு பரவியது. பின்னர் கல்நாரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மரக்கூழ் இழையை வைத்தார்கள். சிமென்ட், மணல், மரக்கூழ், நீர். உயர் அழுத்த நீராவியில் வேகவைத்தல். செய்முறையின் அடிப்படை இன்றும் ஹாட்செக்குடையதுதான். ஆகவே பழைய வீட்டில் சிமென்ட் ஓடுபோன்ற உறை இருந்தால், உடைப்பதற்கு முன் கல்நார் உண்டா என்று ஆய்வகத்தில் சோதிப்பது கட்டாயம். இருந்தால் அகற்றும் செலவு தனி. சட்டப்படி தகுதி பெற்றவர்கள்தான் செய்ய வேண்டியிருக்கும் இடங்களும் உண்டு. பழைய வண்ணத்தில் ஈயம் இருக்கலாம் என்பதும் இதே வகைக் கவலை. அமெரிக்காவில் வீடுகளுக்கு ஈய வண்ணம் தடைசெய்யப்பட்டது 1978-இல்தான்.

இன்றைய ஃபைபர் சிமென்டில் கல்நார் இல்லை என்றாலும் மணல் இருக்கிறது. சாதாரண ரம்பத்தால் அறுத்தால் எழும் சிலிக்காத் தூசு நுரையீரலைக் கெடுக்கும். தூசை உறிஞ்சும் ரம்பமோ கத்தரிபோல் வெட்டும் கருவியோ வேண்டும், முகக்கவசமும் வேண்டும். வெள்ளைப் புகைமண்டலத்துக்கு நடுவே ஒருவர் வெறும் முகத்தோடு அறுத்துக்கொண்டிருந்தால், அந்தக் குறைந்த விலையின் ஒரு பகுதியை யார் கட்டுகிறார் என்பது விளங்கும்.

கூலி கூடுவதற்கு எடையும் காரணம். நமது கற்பனை வீட்டையே எடுத்துக்கொள்வோம். வைனிலில் முழுச் சுவர்களுக்குமான பலகை அரை டன்னை ஒட்டி இருக்கும். ஃபைபர் சிமென்டில் அது மூன்று டன்னை நெருங்கும். பன்னிரண்டு அடிப் பலகையைத் தட்டையாகத் தூக்கினால் நடுவில் முறியும். விளிம்பில் நிறுத்தி இருவர் எடுத்துப்போக வேண்டும். ஆணி மரக்காலில் இறங்க வேண்டும். இணைப்பில் பசை பிதுக்குவதைவிடப் பின்னால் ஒரு சிறு தகட்டை வைப்பது நீடித்த வேலை. மண்ணிலிருந்து குறைந்தது ஆறு அங்குலம், கூரை, படிக்கட்டு, தளம் ஆகியவற்றிலிருந்து ஒன்றிரண்டு அங்குலம் விலகி நிற்க வேண்டும். சிமென்ட் என்பதால் நீரில் நிற்கும் என்ற எண்ணம் தவறு. அடிவிளிம்பு நீரை உறிஞ்சினால் அடுக்கடுக்காகப் பிரியும். இவ்வளவும் சரியாக அமைந்துவிட்டால் எரியாத, கறையான் தொடாத, வண்ணத்தை நெடுநாள் பிடித்துவைக்கும் பொருள் அதுதான். பெரும்பாலான வீடுகளுக்கு நான் முதலில் பரிசீலிப்பதும் இதையே. ஆனால் செய்யத் தெரிந்தவர் கிடைத்தால் மட்டும். தெரியாதவர் அடிக்கும் ஃபைபர் சிமென்டைவிடத் தெரிந்தவர் தொங்கவிடும் வைனில் எவ்வளவோ மேல்.

ஸ்டக்கோவில் பொருள் விலை அற்பம், கைத்திறன்தான் விலை. மரச்சட்டத்தின்மேல் இரண்டு அடுக்குத் தாள், கம்பி வலை, பிறகு கீறல் போடும் முதற்பூச்சு, சமன் செய்யும் இரண்டாம் பூச்சு, மேல்பூச்சு. மொத்தம் ஏறக்குறைய முக்கால் முதல் ஓர் அங்குலம் வரை. ஒவ்வொரு பூச்சும் ஈரத்தோடு இறுக நாள் கொடுக்க வேண்டும். அவசரப்படுத்தும் வீட்டுக்காரர் வெடிப்பை விலைகொடுத்து வாங்குகிறார்.

செங்கல் முகப்பு பற்றி ஒரு தவறான எண்ணத்தை மட்டும் நீக்கினால் போதும். மரச்சட்ட வீட்டில் வெளியே தெரியும் செங்கல் வீட்டைத் தாங்குவதில்லை. அது ஓர் அங்குல இடைவெளிக்கு அப்பால் தனியே நின்று, உலோகக் கொக்கிகளால் சட்டத்தோடு பிணைந்திருக்கிறது. அடியில் நீர் வடியத் துளைகள் இருக்கும். அவற்றைப் பூச்சி வருகிறது என்று அடைப்பவர் உண்டு. அடைக்கக் கூடாது. சதுர அடிக்குச் சுமார் 40 பவுண்டு என்ற எடைக் கணக்கில் நமது வீட்டுக்கு 46 டன் வரும். அந்தச் சுமையை அடித்தளத்திலேயே ஒரு விளிம்பு விட்டுத் தாங்க வேண்டும். அந்த விளிம்பு இல்லாத பழைய வீட்டில் முழுச் செங்கல் முகப்பு வைக்க நினைத்தால் அடித்தளத்திலிருந்து செலவு தொடங்கும். வில்லையாக அறுத்து ஒட்டும் கல்லும் செங்கல்லும் இதற்கு மாற்று; ஆனால் அவற்றுக்குப் பின்னால் வடிகால் இல்லையென்றால் வான்கூவர் கதைதான்.

முதல் செலவை மட்டும் பார்க்காமல் முப்பது ஆண்டைப் பார்த்தால் வரிசை மாறுமா? ஒரு கணக்குக்காக, பொருத்திய வைனிலின் செலவை 100 என்று வைத்துக்கொள்வோம். ஃபைபர் சிமென்ட் 170, தேவதாரு 250 என்போம். ஒருமுறை வண்ணமடிக்க 30 என்று கொண்டால், ஃபைபர் சிமென்டுக்கு இருமுறை சேர்த்து 230; மரத்துக்கு நான்கு முறை சேர்த்து 370. வைனில் அப்படியே 100-இல் நிற்கிறது. உடைந்தவற்றை மாற்ற 20 சேர்த்தாலும் 120. பணத்தை மட்டும் எண்ணினால் வைனில் தோற்பதே இல்லை, அதை மறைத்துப் பேசுவதில் பொருளில்லை. அந்த 110 வேறுபாடு எதற்கு என்பதே கேள்வி. எரியாமைக்கு, கல்மழைக்கும் அடிக்கும் தாங்குவதற்கு, கிட்டப்போய்த் தொட்டுப் பார்த்தாலும் பிளாஸ்டிக்காகத் தெரியாமைக்கு, பிடித்த வண்ணத்துக்கு மாற்றிக்கொள்ளும் உரிமைக்கு. ஐந்தாண்டில் வீட்டை விற்கப்போகிறவருக்கு இவற்றில் சில வேண்டாதவை. காட்டுத்தீப் பகுதியில் இருப்பவருக்கு முதலாவது ஒன்றே போதும். கலிபோர்னியாவில் அத்தகைய பகுதிகளில் புதிதாகக் கட்டும் வீட்டின் வெளிச்சுவருக்குத் தீயெதிர்ப்பு விதிகளே உண்டு.

தீயைப் பற்றிச் சொல்லும்போது, லண்டனின் கிரென்ஃபெல் கோபுரத்தை ஒதுக்கிவிட முடியாது. 2017 ஜூன் 14 அன்று அங்கே 72 உயிர்களைக் கொண்டுபோன தீ, கட்டடத்தைப் புதுப்பிக்கப் பொருத்திய உறை வழியாகத்தான் ஏறியது. இரண்டு அலுமினியத் தகடுகளுக்கு நடுவே பாலிஎத்திலின் என்ற எரியும் பிளாஸ்டிக். பின்னால் எரியக்கூடிய வெப்பக்காப்பும் இடைவெளியும். 24 மாடிக் கோபுரத்தின் பாடத்தை இரண்டு மாடி வீட்டுக்கு அப்படியே பொருத்த முடியாது என்றாலும் ஒன்று பொதுவானது: நீர் வடிய விடும் இடைவெளி தீக்குப் புகைபோக்கியாகவும் மாறும். உயரமான சுவரில் அந்த இடைவெளியை மாடிக்கு மாடி தடுத்து நிறுத்தும் அமைப்பைக் கேட்பது அளவுக்கு மீறிய கவலை அல்ல.

உத்தரவாதத் தாள்களைப் படிப்பது அலுப்பான வேலை, ஆனாலும் இரண்டு வரிகளைத் தேடலாம். பலகைக்கு 30 ஆண்டு என்று பெரிய எழுத்தில் இருக்கும். தொழிற்சாலை வண்ணத்துக்கு 15 என்று அடியில் இருக்கும். ‘வாழ்நாள்’ என்ற சொல்லுக்கு அருகில், முதல் உரிமையாளர் வரைக்கும் என்றும், ஆண்டுதோறும் ஈடு குறையும் என்றும் இருக்கும். நிறுவனத்தின் வழிகாட்டிப்படி பொருத்தாவிட்டால் எதுவும் செல்லாது என்ற வரி எல்லாவற்றிலும் இருக்கும். அந்த வழிகாட்டியை வேலை தொடங்கும் முன் ஒருமுறை படித்துவிட்டால், மேலே சொன்ன கால் அங்குலமும் ஆறு அங்குலமும் படங்களோடு அதில் இருப்பதைக் காணலாம்.

இப்போது அந்த மூன்று மதிப்பீடுகளை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாம். பழையதைக் கழற்றுவதா, அதன்மேலேயே அடிப்பதா? மேலே அடிப்பது மலிவு; ஆனால் அடியில் மக்கிய பலகை இருந்தால் புது ஆணிக்குப் பிடிப்பே இருக்காது, சன்னல் ஓரத் தகடுகளையும் தொட முடியாது. மக்கிய பலகையை மாற்றுவதற்குப் பலகை ஒன்றுக்கு என்ன விலை என்று முன்கூட்டியே எழுதியிருக்கிறதா? சுவரைத் திறந்தபின் பேரம் பேசும் நிலையில் நீங்கள் இருக்கமாட்டீர்கள். பலகையின் தடிமன், தயாரிப்பின் பெயர், ஆணியின் உலோகம் எழுதியிருக்கிறதா, அல்லது ‘உயர்தரப் பொருள்’ என்று மட்டும் இருக்கிறதா? சன்னல் தகடுகள் தனி வரியாக உண்டா? இந்தக் கேள்விகளுக்கு விடை வாங்கியபின் குறைந்த தொகை பெரும்பாலும் ஏறிவரும். சில வேளை உயர்ந்த தொகை இறங்கிவருவதும் உண்டு.

பணத்தைத் தவணைகளாகக் கொடுக்கும்போது ஒரு தவணையை விரிப்பும் தகடுகளும் முடிந்து, முதல் பலகை ஏறுவதற்கு முந்தைய நாளில் வைத்துக்கொள்ளலாம். அன்று வீட்டைச் சுற்றி வந்து, ஒவ்வொரு சன்னலின் தலைமாட்டையும் கால்மாட்டையும் படமெடுக்க வேண்டும். மேல்விரிப்பு கீழ்விரிப்பின்மேல் படிந்திருக்கிறதா, சன்னல் தலைமாட்டுத் தகட்டின் பின்விளிம்பை விரிப்பு மூடியிருக்கிறதா என்று பார்க்க எந்தத் தொழில் அறிவும் தேவையில்லை. மேலே ஒரு குவளை நீரை ஊற்றினால் அது எங்கே போகும் என்று விரலால் கோடு போட்டுப் பார்த்தாலே போதும். விரல் எங்காவது விரிப்புக்குப் பின்னால் நுழைந்தால், அந்தத் தவணையை ஒரு நாள் தள்ளிப்போடலாம்.